‘பெர் சே’: இரண்டு சொற்களின் இந்திய வரலாறு

சற்றே நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்கள், குறிப்பாகத் தம் ஆய்வுக்காக நிரல் எழுதுவோர், பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற பருவத்தில் எங்கள் துறையின் ஆய்வு முன்னேற்றக் கூட்டம் நடந்தது. தமிழகத்துக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு செய்கிறேன். தமிழ் வினைமுற்றுகளைப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பிரித்துத் தரும் சிறு நிரல் ஒன்றை ஆய்வின் துணைக்கருவியாக எழுதியிருந்தேன். அதை இயக்கிக் காட்டி முடித்ததும், வெளியிலிருந்து வந்திருந்த வல்லுநர் கேட்ட முதல் கேள்வி, அது எவ்வளவு பிழையின்றிப் பிரிக்கிறது என்பதன்று. ‘இதற்குக் காப்புரிமை வாங்கியாயிற்றா?’ என்பதே. கூட்டம் முடிந்து தேநீர் அருந்தியபோது, எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்து படிக்கும் இளநிலை ஆய்வாளர் வேறொன்று கேட்டார்: ‘காப்புரிமை வாங்கவில்லை என்றால் அதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்தானே, அக்கா?’

இரண்டு கேள்விகளும் ஒரே பிழையின் இரு முகங்கள். அப்பிழையை அவ்விருவர் மீதும் சுமத்த நான் விரும்பவில்லை. அதன் வேர் சொல்லில் இருக்கிறது. புதுக் கண்டுபிடிப்புக்கு அரசு வழங்கும் பேடன்ட்டையும், நூலுக்கும் பாடலுக்கும் படைப்பாளிக்கு உரிய காப்பிரைட்டையும் ‘காப்புரிமை’ என்ற ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் நம் செய்தித்தாள்களில் இன்றும் இருக்கிறது. இப்பதிவில் முன்னதைக் காப்புரிமை என்றும் பின்னதைப் பதிப்புரிமை என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

இந்த வேறுபாடு பெயரளவிலானது அன்று. பதிப்புரிமை எழுதிய வடிவத்தைக் காக்கும். காப்புரிமை செயல்படும் முறையையே காக்கும். என் நிரலைப் பாராமல், தம் சொந்த உழைப்பால் அதே வேலையைச் செய்யும் நிரலை ஒருவர் எழுதினால், பதிப்புரிமைச் சட்டத்தின்படி அவர் மீது குற்றமில்லை. அம்முறைக்கு நான் காப்புரிமை பெற்றிருந்தாலோ, என் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத அவர் உரிமை மீறியவர் ஆகிவிடுவார். பதிப்புரிமை எழுதியவுடன் தானே பிறப்பது. பதிவு செய்வது கட்டாயமன்று. ஆசிரியரின் ஆயுட்காலமும் அதற்குப்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். காப்புரிமை விண்ணப்பித்து, ஆய்வுக்கு உட்பட்டுப் பெற வேண்டியது; 20 ஆண்டுகள் நீடிக்கும்.

ஆக, கணினி நிரல் இவ்விரண்டில் எதன் கீழ் வரும் என்பது, அதை எழுதுபவரின் வாழ்வைத் தொடும் கேள்வி. இந்தியா இதற்கு விடை தேடிய வரலாற்றில் ‘பெர் சே’ என்ற இரண்டு இலத்தீன் சொற்கள் நடுநாயகமாக நிற்கின்றன.

1. நிரல் இலக்கியமான கதை

இந்தியாவின் முதல் கணினி 1956இல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்த எச்.இ.சி.-2எம். அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் என்ற பேச்சே இல்லை. அதில் வியப்பில்லை. அக்காலத்தில் நிரல் தனியே விற்கப்படும் பண்டமாக இருக்கவில்லை. இயந்திரத்தோடு இலவச இணைப்பாக வந்தது. மென்பொருளுக்கு இனி இயந்திரத்திலிருந்து பிரித்துத் தனி விலை என்று ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்தது 1969இல்தான். விலை வந்தபின்னர்தான் உடைமை என்ற எண்ணம் வந்தது. உடைமை வந்தபின்னர்தான் சட்டம் வந்தது.

1984ஆம் ஆண்டுத் திருத்தம், பதிப்புரிமைச் சட்டத்தின் ‘இலக்கியப் படைப்பு’ என்ற வரையறைக்குள் கணினி நிரலைச் சேர்த்தது. வட்டு, நாடா, துளையிட்ட ஊடகம் ஆகியவற்றில் பதியப்பட்டு, கணினியில் இடப்பட்டால் தகவலை வெளிக்கொணர வல்லது என அந்தத் திருத்தம் நிரலை விளக்கியது. துளையிட்ட அட்டைகளை அடுக்கி எடுத்துச் சென்ற தலைமுறையின் மணம் அந்தச் சொற்களில் வீசுகிறது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் ஊடகப் பட்டியலைக் கைவிட்டு, கணினியைக் குறிப்பிட்டதொரு வேலையைச் செய்விக்க வல்ல கட்டளைகளின் தொகுதி என நிரலைப் பொருண்மை நோக்கில் வரையறுத்தது. 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கையும், மூலநிரலாயினும் இயந்திர நிரலாயினும் அதை இலக்கியப் படைப்பாகவே காக்க வேண்டும் என்றது.

சட்டத்தின் பார்வையில், சூத்திரமும் செய்யுளும் அமர்ந்த அதே பந்தியில் நிரலும் அமர்ந்தது. இலக்கண நூலும் ஒருவகை இலக்கியமே என்று வாதிடும் மரபில் வந்த நமக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. இதனால் விளைந்த பயனும் பெரிது. ஒரு நூலின் கருத்தைப் படித்து வேறொருவர் தம் சொற்களில் எழுதலாம் என்பதுபோல, ஒரு நிரலின் அடிப்படைக் கருத்துகளை அறியும் பொருட்டு அதன் செயல்பாட்டை உற்றுநோக்கவும் சோதிக்கவும், அதை முறையாகப் பெற்றவருக்கு இந்தியச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடமளிக்கிறது.

2. காப்புரிமைச் சட்டத்தின் மௌனம்

காப்புரிமைச் சட்டத்தின் வழி வேறு. ஆங்கிலேயர் இயற்றிய 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றியமைக்க, நீதிபதி என். இராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையே இன்றைய சட்டத்தின் அடித்தளம். பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியான அவர், இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் மிகப் பெரும்பான்மை அயல்நாட்டவர் கையில் இருப்பதையும், அவற்றில் பெரும்பாலானவை இந்நாட்டில் உற்பத்திக்கே பயன்படுத்தப்படாததையும் சுட்டிக்காட்டினார். காப்புரிமை தனக்குத்தானே நன்மையானது அன்று. ஒரு நாட்டின் தொழில் நிலைக்கு ஏற்ப அதை அளந்து வழங்க வேண்டும் என்பது அவ்வறிக்கையின் உயிர்நாடி. அதன் வழிவந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், எவை கண்டுபிடிப்பு ஆகா என 3ஆம் பிரிவில் பட்டியலிட்டது. அப்பட்டியலில் கணினி நிரல் இல்லை; சேர்க்க வேண்டிய தேவை அன்று எவருக்கும் தோன்றவில்லை.

ஐரோப்பியர் இதில் முந்திக்கொண்டனர். 1973இல் மியூனிக்கில் கையெழுத்தான ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கை, கணினி நிரல்களைக் கண்டுபிடிப்பு அல்லாதவை என விலக்கியது. அதேவேளை, அவ்விலக்கு நிரலை ‘நிரல் என்ற அளவில்’ உரிமை கோரும்போது மட்டுமே பொருந்தும் என்ற அடையையும் இணைத்தது. நம் ‘பெர் சே’யின் மூத்த உறவு அது. இலத்தீனில் ‘தன்னளவில்’, ‘தன்னாலேயே’ என்பதே அதன் பொருள்.

3. இரண்டு சொற்கள் நுழைந்த விதம்

டிரிப்ஸ் உடன்படிக்கைக்கு ஏற்பச் சட்டத்தை மாற்ற 1999இல் கொண்டுவரப்பட்ட மசோதா நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்குச் சென்றது. 2001 டிசம்பரில் அக்குழு அளித்த அறிக்கையில்தான் ‘பெர் சே’ நுழைந்தது. குழு சொன்ன காரணம் சுருக்கமானது: சில வேளைகளில் நிரலோடு அதைச் சார்ந்தோ அதன்மேல் எழுந்தோ வேறு சிலவும் இருக்கக்கூடும், அவை கண்டுபிடிப்பாக இருந்தால் அவற்றை மறுப்பது நோக்கமன்று, ஆயினும் நிரலுக்கு நிரல் என்ற அளவில் காப்புரிமை வழங்கும் எண்ணம் இல்லை.

இந்த அக்கறையைப் புரிந்துகொள்ள 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த டயமண்ட் எதிர் டியர் வழக்கு உதவும். இரப்பரைப் பதப்படுத்தும் அச்சின் வெப்பத்தை அளந்து, ஏற்கெனவே அறியப்பட்ட வேதியியல் சமன்பாட்டால் நேரத்தைக் கணித்து, உரிய கணத்தில் அச்சைத் திறக்கும் முறை அது. சமன்பாடு எவருக்கும் சொந்தமன்று. கணினி அதைக் கணிக்கிறது என்பதற்காக இரப்பர் பதப்படுத்தும் முறை முழுவதையும் தள்ளிவிடவும் முடியாது என்றது நீதிமன்றம். நம் கூட்டுக்குழு காக்க நினைத்ததும் இத்தகைய ஆக்கங்களையே எனக் கொள்ளலாம்.

2002இல் நிறைவேறி 2003 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தம் 3(கே) என்ற உட்பிரிவைத் தந்தது. கணித முறை அல்லது வணிக முறை, ‘பெர் சே’ என்ற அடையோடு கணினி நிரல், படிமுறைகள் ஆகியவை கண்டுபிடிப்பு ஆகா என்பது அதன் சாரம்.

4. வந்து போன அவசரச் சட்டம்

ஈராண்டுகூட நிறையவில்லை. 2004 டிசம்பர் இறுதியில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம் இந்த உட்பிரிவை உடைத்தது. தொழில்துறையில் தொழில்நுட்பப் பயன்பாடு கொண்டதும், வன்பொருளோடு இணைந்ததும் ஆகிய நிரல்கள் விலக்கிலிருந்து விடுபடும் என்றது. வன்பொருளோடு இணையாத நிரல் உலகில் ஏது? கணினி இல்லாமல் இயங்கும் நிரலை எவரும் எழுதுவதில்லை. விதிவிலக்கு விதியையே விழுங்கிவிடும் நிலை அது.

அவசரச் சட்டத்தை நிலையான சட்டமாக்கும் மசோதா 2005 மார்ச்சில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, நாட்டின் கவனம் முழுதும் மருந்து விலையின் மீது இருந்தது, நியாயமான கவனமே. அப்போது ஆட்சிக்கு வெளியிலிருந்து ஆதரவளித்த இடதுசாரிக் கட்சிகளின் வலியுறுத்தலால் பல திருத்தங்கள் ஏற்கப்பட்டன. பழைய மருந்துக்குப் புது வடிவம் தந்து காப்புரிமையை நீட்டிக்கும் வழியை அடைத்த 3(டி) பிரிவின் இன்றைய வடிவம் அவற்றுள் புகழ்பெற்றது. அந்தப் புகழின் நிழலில் மறைந்துபோன மற்றொரு செய்தி, மென்பொருள் பற்றிய புதுச் சொற்கள் நீக்கப்பட்டு 2002ஆம் ஆண்டுச் சொற்களே நிலைத்தன என்பது. இந்திய நாடாளுமன்றம் மென்பொருள் காப்புரிமையை விரிவாக்கும் வாசகத்தைக் கண்முன் வைத்துக்கொண்டே அதைக் கைவிட்டது. சில மாதங்களில், அதே ஆண்டு ஜூலை 6 அன்று, இதே துறைக்கான வரைவு ஒன்றை ஐரோப்பிய நாடாளுமன்றமும் 648க்கு 14 என்ற வாக்குக் கணக்கில் நிராகரித்தது.

5. சட்டம் நின்றது, வழிகாட்டி அலைந்தது

நாடாளுமன்றம் ஓய்ந்தபின் களம் காப்புரிமை அலுவலகத்துக்கு மாறியது. கணினி சார்ந்த கண்டுபிடிப்புகளை ஆராய்வதற்கான வழிகாட்டி 2015 ஆகஸ்டில் வெளிவந்தது. அது கதவை அகலத் திறப்பதாகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தாரும் சிறு மென்பொருள் நிறுவனத்தார் சிலரும் முறையிட, டிசம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது. 2016 பிப்ரவரியில் வந்த திருத்தப் பதிப்பு, நிரலோடு கோரப்படும் வன்பொருளும் புதியதாக இருக்க வேண்டும் என்றது. 2017 ஜூனில் வந்த அடுத்த பதிப்பில் அந்த நிபந்தனை காணாமற்போனது. ஈராண்டுக்குள் மூன்று வழிகாட்டிகள். சட்டத்தின் வாசகமோ ஓரெழுத்தும் மாறவில்லை.

2019 டிசம்பரில் ஃபெரீத் அல்லானி வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம், நிரலை அடிப்படையாகக் கொண்ட ஆக்கங்கள் அனைத்தையும் தள்ளுவது இக்காலத்துக்குப் பொருந்தாது. தொழில்நுட்ப விளைவோ பங்களிப்போ இருந்தால் ஆராய வேண்டும். அதற்காகவே ‘பெர் சே’ சேர்க்கப்பட்டது என்றது. 2023இல் ஓப்பன் டி.வி. வழக்கில் அதே நீதிமன்றம், வணிக முறைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. அவற்றின் மீதான தடை முழுமையானது என்றது.

மொழியியல் மாணவியாக என்னை ஈர்த்தது இந்த இரண்டாம் தீர்ப்பே. ஒரு பட்டியலின் நடுவில் நிற்கும் அடைமொழி எதுவரை பாயும்? நன்னூலார் எண்வகைப் பொருள்கோள்களைச் சொல்கிறார். அவற்றுள் தாப்பிசை என்பது, நடுவில் நின்ற சொல் ஊசல்போல முன்னும் பின்னும் சென்று பொருந்துவது. ‘பெர் சே’ தாப்பிசையா? அன்று. ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னே ஒட்டும் இந்த அடை, தனக்குப் பின்வரும் ‘படிமுறைகள்’ என்ற சொல்லைத் தீண்டாது. எவ்வளவு தூரம் பின்னோக்கிச் செல்லும் என்பதே ஐயம். நிரலோடு நிற்குமா, வணிக முறை வரை எட்டுமா? நிரலோடு நிற்கும் என்றது நீதிமன்றம். இதைத் தமிழில் பெயர்த்துப் பாருங்கள்: ‘வணிக முறை அல்லது தன்னளவிலான கணினி நிரல் அல்லது படிமுறைகள்.’ தமிழில் அடை பெயருக்கு முன்னே வருவதால் வணிக முறை பற்றிய ஐயம் நீங்கிவிடுகிறது. ஆனால் ‘தன்னளவிலான’ என்பது படிமுறைகளையும் தழுவுமோ என்ற புது ஐயம் பிறக்கிறது. சட்டத்தைத் தமிழாக்கும் பணி அகராதி பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைப்பதன்று என்பதற்கு இதைவிடச் சிறிய சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

6. நமக்கு என்ன?

‘நிறுவனங்களின் சண்டையில் மொழி ஆய்வாளருக்கு என்ன வேலை?’ எனலாம். இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் ஜிஃப் என்ற பட வடிவத்தை வெளியிட்டது. உலகமே அதைக் கையாண்டது. அதனுள் இருந்த எல்.இசட்.டபிள்யூ. என்னும் சுருக்கும் முறைக்கு யூனிசிஸ் நிறுவனத்திடம் காப்புரிமை இருந்தது. அவ்வடிவத்தைக் கையாளும் மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் உண்டு என்ற செய்தி 1994 இறுதியில் வெளிவந்தபோது, ஏழாண்டுகளாக அதைப் பயன்படுத்தி வந்தவர்கள் திகைத்தனர். அத்திகைப்பின் விளைவாகத் தன்னார்வலர்கள் உருவாக்கியதே பி.என்.ஜி. வடிவம்.

இரண்டாவது நிகழ்ச்சி எழுத்துகளைப் பற்றியது. கட்டற்ற இயங்குதளங்களில் திரையில் எழுத்தை வரைந்து காட்டும் ஃப்ரீடைப் என்ற நிரலகம் உண்டு. தமிழாயினும் ஆங்கிலமாயினும் அதன் கை வழியே எழுத்து திரைக்கு வருகிறது. எழுத்துருவுக்குள் பொதிந்த திருத்தக் குறிப்புகளைச் செயல்படுத்தி எழுத்தைத் துலக்கமாக்கும் முறைக்கு ஆப்பிள் நிறுவனத்திடம் காப்புரிமைகள் இருந்தன. ஆகவே அம்முறையைச் செய்யத் தெரிந்தும், எழுதி வைத்தும், ஃப்ரீடைப் ஆக்குநர்கள் பல ஆண்டுகள் அதை இயல்பில் முடக்கியே வைத்திருந்தனர். 2010இல் காப்புரிமைகள் காலாவதியான பின்னரே அது திறக்கப்பட்டது. நம் நாட்டுச் சட்டம் மட்டும் தாராளமாக இருந்தால் போதாது என்பதையும் இது காட்டுகிறது. கட்டற்ற மென்பொருள் உலகெங்கும் ஒன்றாக எழுதப்படுவதால், ஒரு நாட்டின் வேலி எல்லா நாட்டு வயலிலும் நிழல் விழச் செய்கிறது.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. பல ஆண்டுகள் உழைத்து ஒரு முறையைக் கண்டவர், பெருநிறுவனம் அதைக் கருத்தளவில் எடுத்துத் தன் சொற்களில் எழுதிக்கொள்ளும்போது பதிப்புரிமையால் தடுக்க இயலாது. இரப்பர் அச்சு போன்ற ஆக்கங்களுக்கு ‘பெர் சே’ வாயிலாக வழி இருப்பது சரியே என்பது என் கருத்தும்கூட. ஆனால், சந்தி பிரிக்கும் முறைக்கும் வேர்ச்சொல் காணும் முறைக்கும் இருபது ஆண்டு வேலி போடுவது வேறு. நாளை நாற்பது பேர் அதே சிக்கலைத் தம் வழியில் தீர்க்க முனைவார்கள், தீர்க்கவும் வேண்டும்.

7. ‘வெளியிடப்பட்டது’ என்ற இன்னொரு சொல்

பல்கலைக்கழகங்களைத் தரவரிசைப்படுத்தும் என்.ஐ.ஆர்.எஃப்., வெளியிடப்பட்ட காப்புரிமைகளையும் வழங்கப்பட்ட காப்புரிமைகளையும் கணக்கில் கொள்கிறது. 2021இல் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணம் 80 விழுக்காடு குறைக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் ‘வெளியிடப்பட்டது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆய்விதழில் கட்டுரை வெளியானால், பிறர் படித்து மதிப்பிட்டு ஏற்றனர் என்று பொருள். காப்புரிமைச் சட்டத்தில், விண்ணப்பித்து 18 மாதம் கழிந்ததும் விண்ணப்பம் பொதுவாகத் தானே வெளியாகும். முன்கூட்டியே வெளியிடக் கோரினால் இன்னும் விரைவாக வெளியாகும். அதன் தகுதியை அதுவரை எவரும் ஆராய்ந்திருக்க வேண்டியதில்லை. தன்விவரக் குறிப்பில் ‘காப்புரிமை வெளியிடப்பட்டது’ என எழுதும் நண்பர்கள் பொய் சொல்வதில்லை; ஆனால் படிப்பவர் பிழையாகப் புரிந்துகொள்வதால் பயன் பெறுகின்றனர். இக்கணக்கின் அழுத்தமே அன்று அந்த வல்லுநரின் கேள்வியாக வந்தது என எண்ணுகிறேன்.

அவருக்கு நான் அன்று சரியாக விடை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: என் நிரல் தன்னளவிலான நிரல், இந்தியச் சட்டம் அதற்குக் காப்புரிமை தராது, தந்தாலும் நான் கேட்க மாட்டேன்.

இளநிலை ஆய்வாளருக்கான விடை இன்னும் முக்கியமானது. காப்புரிமை இல்லை என்பதால் நிரல் பொதுச்சொத்து ஆகிவிடாது. அது பதிப்புரிமை பெற்ற இலக்கியம். உரிமம் எதுவும் குறிப்பிடாமல் இணையத்தில் இட்ட நிரலை, சட்டப்படி, பிறர் நகலெடுத்துத் திருத்தி வெளியிட முடியாது. எழுதியவர் தாராள மனத்தோடு இட்டிருந்தாலும் நிலை இதுவே. உரிமம் இல்லாத நிரலும் கட்டற்ற நிரலும் ஒன்றல்ல. எத்தனையோ ஆய்வேடுகளின் நிரல்களும் சொற்பட்டியல்களும் இந்த ஒற்றை வரி எழுதப்படாததால் எவருக்கும் பயன்படாமல் கிடக்கின்றன. எழுதியவரைத் தேடி இசைவு பெறுவதற்குள் அவர் வேறு வேலைக்குச் சென்றிருப்பார்.

அன்றிரவே என் நிரலின் கோப்புறையில் ஜி.பி.எல். உரிமத்தின் வாசகத்தைச் சேர்த்தேன். எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம். திருத்தியதை வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தோடு பிறருக்குத் தர வேண்டும் என்பது அதன் சாரம். மறுநாள் அந்த இளநிலை ஆய்வாளர் அதை எடுத்து, பெயரெச்சங்களில் நான் செய்திருந்த பிழை ஒன்றைத் திருத்தி அனுப்பினார்.

உங்கள் ஆய்வுக்காக எழுதிய நிரல் ஏதேனும் இருந்தால், இன்றே திறந்து பாருங்கள்: உரிமம் எழுதியிருக்கிறீர்களா? ‘பெர் சே’க்குப் பொருத்தமான தமிழ்ச் சொல்லாட்சி தோன்றினால் அதையும் எழுதுங்கள். ‘தன்னளவிலான’ எனக்கு இன்னும் நிறைவளிக்கவில்லை.